காசு எதை அளந்து கைமாறுகிறது? விவசாயம் முதல் சுற்றுலா வரை

கேள்வி இதுதான்: விவசாயம், தொழில், போக்குவரத்து, சுற்றுலா என்று எதை எடுத்தாலும் இப்போது 'பசுமை', 'நீடித்த' என்ற அடைமொழியோடுதான் வருகிறது. இதில் எது நிஜமாகவே சுற்றுச்சூழலுக்குப் பலன் தருகிறது, எது வெறும் விளம்பரம்? தனி ஆள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

நான்கும் நான்கு உலகம் மாதிரித் தெரியும். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே முடிச்சுதான். ஒரு துறையில் காசு எதை அளந்து கைமாறுகிறதோ அதுதான் அங்கே பெருகும். உரத்துக்கு மூட்டைக் கணக்கில் மானியம் கொடுத்தால் மூட்டை பெருகும். விற்ற பல்பின் எண்ணிக்கையில் லாபம் என்றால் பல்பு சீக்கிரம் ஃப்யூஸ் போகும். வந்திறங்கிய ஆட்களின் எண்ணிக்கையை வைத்துச் சுற்றுலாத் துறையைப் பாராட்டினால் கூட்டம் பெருகும். மண்ணும் நீரும் காற்றும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை, அதனால் அவை தேய்கின்றன. விழிப்புணர்வு, உறுதிமொழி எல்லாம் இருக்கட்டும். ரசீது மாறாத இடத்தில் அவை ஒரு பருவத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. எனவே ஒரு திட்டம் உண்மையா, விளம்பரமா என்று பார்க்க நான் முதலில் கேட்பது, அதில் காசு கைமாறும் விதம் மாறியிருக்கிறதா என்பதைத்தான்.

விவசாயத்திலேயே அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் சங்கதி அதிகம் இருப்பது அங்கேதான். உலகில் மனிதர் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. மனிதர் வாழத் தகுந்த நிலப்பரப்பில் பாதிக்கு அருகே பயிருக்கும் மேய்ச்சலுக்கும் போயிருக்கிறது.

நெல்லை எடுத்துக்கொள்வோம். வயலில் தண்ணீர் கட்டி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத அந்தச் சேற்றில், மட்கும் தாளிலும் வேரிலும் பிழைக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளிவிடுகின்றன. அதில் பெரும்பகுதி பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல்கள் வழியாகவே மேலே வருகிறது, அதாவது நெற்பயிரே புகைபோக்கியாக வேலை செய்கிறது. மனித நடவடிக்கைகளால் வெளியாகும் மீத்தேனில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது. இந்த வாயு காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் நிற்கும். ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 80 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இதற்குத் தீர்வு பழசுதான்: காய்ச்சலும் பாய்ச்சலும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்று பரப்பிய கருவியைப் பார்த்தால் இதுவா கருவி என்று தோன்றும். சுமார் ஓரடி நீளக் குழாய்த் துண்டு, பிளாஸ்டிக்கோ மூங்கிலோ எதுவானாலும் சரி. சுற்றிலும் துளை போட்டு, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். வெளியே மண்ணுக்குள் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டம் குழாய்க்குள் தெரியும். மேல்மண் காய்ந்து வெடிப்பு விடுவது மாதிரி இருந்தாலும், எட்டிப் பார்த்தால் நாலு விரல் கீழே தண்ணீர் நிற்கும், வேருக்கு அது போதும். மட்டம் 15 செ.மீ. கீழே போனதும் மறுபடி பாய்ச்சினால் சரி. நட்ட முதல் இரண்டு வாரம் களையை அடக்கவும், பூக்கும் பருவத்தில் மணி பிடிப்பதற்காகவும் வயலில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். மற்ற நாட்களில் இப்படிக் காயவிட்டுப் பாய்ச்சினால் தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், மீத்தேன் பாதி அளவுக்குக் குறையும், மகசூல் பொதுவாகக் குறையாது. மண் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற இன்னொரு சூடேற்றும் வாயு சற்றுக் கூடும் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் லாபம்தான்.

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? வங்கதேசத்தில் இந்தக் குழாயை விவசாயிகளுக்குக் கொடுத்து நடத்திய ஆய்வு பதில் சொல்கிறது. பருவத்துக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தண்ணீர்க் கட்டணம் கட்டியவர்களிடம் குழாயால் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. எடுத்த தண்ணீருக்கு மட்டும் காசு கட்டியவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஒரே குழாய், ஒரே பயிர், கட்டணம் வசூலிக்கும் முறை மட்டும் வேறு. மொத்தக் கட்டணம் கட்டியவர் வெயிலில் போய்க் குழாயை எட்டிப் பார்த்து மிச்சம் பிடிக்கும் தண்ணீர் அவருடைய கணக்கில் ஒரு பைசா குறைப்பதில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் உரத்தின் கதையும் இதேதான், ஆனால் இன்னும் பெரியது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்தச் செயற்கைத் தழைச்சத்தை நம்பித்தான் இருக்கிறது. அதனால் 'ரசாயன உரம் விஷம், நிறுத்திவிடு' என்று ஒரு வரியில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இலங்கையில் 2021-இல் அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதன் பின்னணியில் இருந்தது. சில மாதங்களிலேயே நெல்லும் தேயிலையும் அடி வாங்க, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இயற்கை முறை தவறு என்று இதற்குப் பொருள் கிடையாது. உரத்துக்குப் பழகிய மண்ணில் பயறு வகைகளைச் சுழற்சியில் கொண்டுவந்து, வேர் முடிச்சுகளில் தழைச்சத்து சேர விட்டு, மட்கையும் மூடாக்கையும் ஏற்றுவதற்குப் பல வருடம் பிடிக்கும். அரசாணைக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. வயலில் போடும் தழைச்சத்தில் சுமாராகப் பாதியைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் கொஞ்சம் நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்கும், கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகும், இன்னும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறும். நூறாண்டுக் கணக்கில் இந்த நைட்ரஸ் ஆக்ஸைடு கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றும், காற்றில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிற்கும். மிசிசிப்பி ஆறு அடித்துக்கொண்டு வரும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் மீன் மூச்சுவிட முடியாத ஒரு நீர்ப்பரப்பு உருவாவதும் இதன் தொடர்ச்சிதான்.

இங்கேயும் கருவி சாதாரணமானது. இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு, வெளிர் மஞ்சள் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நாலைந்து நிறப்பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் அட்டை. காலையில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, நம் உடம்பின் நிழலில் பயிரின் மேலே விரிந்த கடைசி முழு இலையை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். வெயில் நேராக விழுந்தால் நிறம் ஏமாற்றிவிடும். பத்துச் செடி பார்த்து, பாதிக்கு மேல் வெளுத்திருந்தால் மேலுரம் போடலாம். இல்லையென்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இது யூரியா வாங்கும் செலவைக் குறைக்கும்தான். ஆனால் யூரியா அரசு மானியத்தில் மலிவாகக் கிடைக்கும் நாடுகளில், மிச்சம் பிடிக்கும் காசு அட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கும் அலுப்புக்குக்கூட ஈடாகாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு கை அள்ளிப் போடுவதே சுலபம்.

ஆனாலும் முடியாத காரியம் இல்லை. சீனாவில் 2005 முதல் 2015 வரை சுமார் 2 கோடி சிறு விவசாயிகளிடம், மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ற அளவில் உரம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். மகசூல் சுமார் 11 சதவீதம் கூடியது, தழைச்சத்து உரம் 15 முதல் 18 சதவீதம் வரை குறைந்தது. இதற்குப் பின்னால் ஆராய்ச்சியாளர்களும் வேளாண் ஊழியர்களும் உர வியாபாரிகளுமாகப் பெரிய படையே இறங்கியிருந்தது. உரம் விற்கிறவரையும் சேர்த்துக்கொண்டதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். விவசாயி ஆலோசனை கேட்பது பெரும்பாலும் கடைக்காரரிடம்தான். அவருக்கோ மூட்டை போனால்தான் வரும்படி.

உணவு வரும் தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தில் விளைந்ததை வாங்கினால் பூமிக்கு நல்லது என்று பரவலாக நம்புகிறார்கள். 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, உணவுத் துறை வெளிவிடும் சூடேற்றும் வாயுக்களில், அதாவது அதன் மொத்த உமிழ்வில், போக்குவரத்தின் பங்கு 6 சதவீத அளவில்தான் இருக்கிறது. காட்டை அழித்தது, மாட்டின் ஏப்பம், உரம், சேறு இவைதான் பெரும்பங்கு. விமானத்தில் வரும் உணவு மட்டும் விதிவிலக்கு. சீக்கிரம் அழுகும் பழமோ மீனோ வேறு கண்டத்திலிருந்து பறந்து வந்திருந்தால் யோசிக்கலாம், கப்பலில் வந்த பருப்பைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பக்கத்து விவசாயியிடம் வாங்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, அது தனி விஷயம். இதைவிடப் பெரியது வீணாகும் சோறு. 2022-இல் வீடு, உணவகம், கடை மூன்றிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போனதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வீடுகளிலிருந்து.

சரி, தொழிலுக்கு வருவோம். இங்கே ஒரு பல்பின் கதையே போதும். 1924-இல் ஜெனீவாவில் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தன. ஓஸ்ராம், பிலிப்ஸ் எல்லாம் அதில் இருந்தன. அதுவரை 1,500, 2,000 மணி நேரம்கூட எரிந்துகொண்டிருந்த பல்பை 1,000 மணி நேரத்துக்குக் குறைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் மாதிரி பல்புகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பல்பு அளவுக்கு மேல் நீடித்து எரிந்தால் கம்பெனிக்கு அபராதம். ஆயுளைக் குறைப்பதற்கென்றே பொறியாளர்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அதிக வெளிச்சத்துக்காகத்தான் ஆயுளைக் குறைத்தோம் என்று அவர்கள் சொன்ன சமாதானத்திலும் கொஞ்சம் இயற்பியல் உண்மை இருக்கிறது. ஆனால் நீடித்து எரிந்ததற்கு அபராதம் போடுவது வெளிச்சத்தின் மேல் உள்ள அக்கறை என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே பிலிப்ஸ் 2015-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தோடு வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டது. விமான நிலையம் விளக்கு வாங்காது, வெளிச்சத்துக்கு மட்டும் காசு கொடுக்கும். விளக்கு பிலிப்ஸின் சொத்தாகவே இருக்கும், கெட்டால் மாற்றுவதும் ஆயுள் முடிந்தால் திரும்ப எடுத்துப் பிரித்துப் பயன்படுத்துவதும் கம்பெனியின் பாடு. உடனே என்ன நடந்தது? சீக்கிரம் கெட்டுப்போகும் பாகத்தைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி விளக்கையே மறுபடி வடிவமைத்தார்கள். தொண்ணூறு வருட இடைவெளியில் அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று மனசாட்சி பிறந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முன்பு பல்பு விற்றால் காசு, இப்போது வெளிச்சம் கொடுத்தால் காசு. பல்பு கெட்டால் நஷ்டம் யாருக்கு என்பது இடம் மாறியது, வடிவமும் மாறியது.

கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உமிழ்வை மூன்று வட்டமாகப் பிரித்து எழுதும் வழக்கம் 2001-இல் வந்த ஒரு சர்வதேசக் கணக்கு முறையிலிருந்து வருகிறது. தன் அடுப்பிலும் வண்டியிலும் எரித்தது முதல் வட்டம், வாங்கிய மின்சாரம் இரண்டாவது, மூலப்பொருள் செய்தவர் முதல் பொருளைப் பயன்படுத்தித் தூக்கி எறிபவர் வரை மற்றதெல்லாம் மூன்றாவது. துணிக் கம்பெனிக்கும் கார் கம்பெனிக்கும் பெரும்பங்கு மூன்றாவது வட்டத்தில்தான் இருக்கும். அலுவலகக் கூரையில் சோலார் தகடு போட்ட படம் முகப்பில் பெரிதாக இருந்து, மூன்றாவது வட்டம் பின்னிணைப்பில் ஒளிந்திருந்தால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

'கார்பன் நடுநிலை' என்ற முத்திரையும் பெரும்பாலும் இப்படித்தான். உமிழ்வைக் குறைக்காமல், வேறெங்கோ ஒரு காட்டை வெட்டாமல் விட்டதற்கான சான்றை விலைக்கு வாங்கிக் கழித்துக்கொள்வது. அந்தக் காட்டை எப்படியும் யாரும் வெட்டப் போவதில்லை என்றால் கழித்தது வெறும் காகிதம். இங்கே வெட்டாமல் அடுத்த மலையில் வெட்டினாலும் அப்படியே. பத்து வருடம் கழித்துக் காட்டுத்தீ வந்தால் கழித்த கணக்கு திரும்பி வந்துவிடும். இப்படி ஈடுகட்டலை மட்டும் வைத்து ஒரு பொருள் 'நடுநிலை' என்று வாடிக்கையாளரிடம் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டம் தடை செய்கிறது. 2026 செப்டம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வருவதாக ஏற்பாடு.

அளவுகோல் இருந்தால் மட்டும் போதாது, அளப்பவர் யார் என்பதும் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனியின் விவகாரம் 2015-இல் வெடித்தது. வண்டி சோதனைக் கூடத்தில் நிற்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அந்த டீசல் கார்களில் இருந்தது. சோதனையில் மட்டும் புகைக் கட்டுப்பாடு முழுதாக வேலை செய்யும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வரம்பைப் போல 40 மடங்கு வரை. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள். பிடித்தது எப்படி என்றால், கருவியை வண்டியிலேயே கட்டிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

போக்குவரத்தில் மின்வண்டி பற்றிய சண்டைக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. பெட்ரோல் என்ஜினில் எரிபொருளின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு மாதிரிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது, மற்றது சூடாகப் போய்விடும். மின்மோட்டாரில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போகும். பேட்டரி செய்வதில் வரும் கூடுதல் உமிழ்வை, ஓடத் தொடங்கிய சில வருடங்களில் பெரும்பாலான இடங்களில் ஈடுகட்டிவிடும். நிலக்கரி மின்சாரம் மட்டுமே உள்ள இடத்தில் அந்தக் காலம் நீளும். ஆக, மாற்றம் சரியான திசையில்தான். ஆனால் டயர் தேய்வதை மின்சாரம் நிறுத்தாது, வண்டி கனத்தால் தேய்மானம் கூடத்தான் செய்யும். அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் மழை பெய்த கையோடு கோஹோ சால்மன் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று பல காலம் தேடியவர்கள், டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறும் பொருள்தான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள்.

பெரிய விஷயம் சாலை. நெரிசல் என்றால் அகலப்படுத்து என்பதுதான் எல்லா ஊரிலும் முதல் யோசனை. கில்ஸ் துரான்டன், மாத்யூ டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் விவரங்களை வைத்து 2011-இல் காட்டியது: சாலை எவ்வளவு கூடுகிறதோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது. சாலை இலவசம், நெரிசல்தான் அதன் விலை. விலையைக் குறைத்தால் வாங்குவோர் கூடுவார்கள்.

ஸ்டாக்ஹோம் 2006-இல் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தது. ஜனவரி முதல் ஜூலை வரை பரீட்சார்த்தமாக, நகர மையத்துக்குள் நுழையும், வெளியேறும் வண்டிகளுக்கு நேரத்துக்கேற்ற கட்டணம். தொடங்கும் முன் பெரும்பான்மை மக்கள் எதிர்த்தார்கள். எல்லையைத் தாண்டும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்து கட்டணம் நின்றதும் வண்டிகள் பெருமளவு திரும்பி வந்தன. இதைக் கண்ணால் பார்த்த பிறகு நடந்த வாக்கெடுப்பில் நகரத்தார் கட்டணத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 2007-இல் அது நிரந்தரமானது. கட்டணம் போடும் முன்பே கூடுதல் பஸ்களை விட்டதை இதில் மறக்கக் கூடாது. மாற்று வழி இல்லாமல் கட்டணம் மட்டும் போட்டால் அது ஏழைகள் மேல் வரி, மக்கள் கோபப்படுவது நியாயம்.

கப்பலில் இதைவிட வேடிக்கை. கப்பலின் என்ஜினுக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால், பயண நேரம் கூடுவதையும் சேர்த்தே, அதே தூரத்துக்கு எரிபொருள் 19 சதவீதம் மாதிரி குறையும். அப்படியும் பல கப்பல்கள் முழு வேகத்தில் ஓடி வந்து துறைமுகத்துக்கு வெளியே நாள்கணக்கில் நங்கூரம் போட்டு நிற்கின்றன. காரணம் ஒப்பந்தம். 'முடிந்த வேகத்தில் போய்ச் சேர வேண்டும்' என்று அதில் எழுதியிருக்கும். பல துறைமுகங்களில் முந்தி வந்தவருக்கு முதலிடம். காத்திருக்கும் நாட்களுக்குச் சரக்கு அனுப்பியவர் தாமதக் கட்டணம் கொடுப்பார். மெதுவாக வரும் கப்பல்காரருக்கு நஷ்டம், வேகமாக வந்து சும்மா நிற்பவருக்கு வரும்படி. புது எரிபொருள் கண்டுபிடிக்கும் முன்பே, ஒப்பந்தத்தில் இரண்டு வரியை மாற்றிக் கணிசமாகக் குறைக்கலாம்.

விமானத்துக்கு வந்தால், சர்வதேசப் பயணத்துக்கான எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரியே கிடையாது. 1944 சிகாகோ உடன்படிக்கையும் அதைத் தொடர்ந்த இருதரப்பு ஒப்பந்தங்களும் அப்படி அமைந்துவிட்டன. அதற்கு மேல், அதிகம் பறப்பவருக்குப் புள்ளி கொடுத்து இன்னும் பறக்கச் சொல்கிறார்கள். உலகின் கரியமில வாயு உமிழ்வில் விமானத்தின் பங்கு சுமார் 2.5 சதவீதம், வானில் விட்டுச்செல்லும் புகைக்கோடுகளையும் சேர்த்தால் சூடேற்றுவதில் அதன் பங்கு இன்னும் கூடுதல். எந்த வருடத்திலும் உலகில் பெரும்பாலோர் விமானம் ஏறுவதே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சதவீதம் எவ்வளவு குறைந்த தலைகள் மேல் விழுகிறது என்று புரியும்.

சுற்றுலா இங்கேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் அதன் உமிழ்வில் பெரும்பங்கு போக்குவரத்துதான். 2018-இல் வெளியான ஆய்வொன்று உலக உமிழ்வில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவுடையது என்று கணக்கிட்டது. குளியலறையில் 'துண்டை மறுபடி பயன்படுத்தி பூமியைக் காப்பீர்' என்று அட்டை தொங்கும் இல்லையா? காப்பது முதலில் ஓட்டலின் சலவைச் செலவை. மறுபடி பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே வந்து சேர எரித்த எரிபொருளுக்கு முன் அந்தத் துண்டு கணக்கிலேயே வராது.

இடத்துக்கு நேரும் சேதம் வேறு கதை, அதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா சாட்சி. ஒரு சிறிய கடற்கரைக்கு நாளொன்றுக்கு 5,000 பேர் மாதிரி படகுகளில் வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். நங்கூரமும் சகதியும் சன்ஸ்கிரீனுமாகப் பவளப்பாறை நாசமானது. 2018 ஜூனில் மூடினார்கள். பவளத் துண்டுகளை நட்டார்கள், கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் ஆழமில்லாத நீருக்குத் திரும்பின. 2022 ஜனவரியில் திறந்தபோது படகு விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும், ஒரு நேரத்துக்கு இத்தனை பேர், ஒரு மணி நேரம்தான் என்று விதி போட்டார்கள். பிலிப்பைன்ஸின் போராகாய் தீவை 2018-இல் ஆறு மாதம் மூடினார்கள். அங்கே பிரச்சினை சாக்கடை, ஓட்டல் கழிவு நேராகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. திறக்கும்போது ஒரே சமயத்தில் தீவில் 19,215 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் வேலையிழந்தவர்கள் படகோட்டிகளும் அறை துடைப்பவர்களும்தான். சாக்கடையைக் கடலுக்கு விட்டவர்கள் அவர்கள் இல்லை.

எண்ணிக்கைக்குப் பதிலாக எதை அளக்கலாம்? வந்தவர் எத்தனை நாள் தங்கினார், செலவழித்த காசில் எவ்வளவு அந்த ஊரிலேயே நின்றது என்பதை அளக்கலாம். ருவாண்டாவில் மலைக் கொரில்லாவைப் பார்க்க அனுமதிச் சீட்டின் விலை 2017-இல் 1,500 டாலராக உயர்ந்தது. அதே சமயம், பூங்கா வருமானத்தில் சுற்றுவட்டார மக்களுக்குக் கொடுக்கும் பங்கை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். காட்டெருமை பயிரை மேய்ந்துவிட்டுப் போன வீட்டுக்காரருக்குக் காடு இருப்பதால் ஏதாவது கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அவர் ஏன் காட்டைக் காக்க வேண்டும்? பங்கு இன்னும் கூடலாம் என்பது என் எண்ணம். பணக்காரர் மட்டுமே பார்க்கக்கூடிய காடு என்ற குறையும் இருக்கிறது, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கடைசியாக, தனி ஆள் என்ன செய்யலாம் என்ற பகுதி. சமைத்ததை வீணாக்காமல் இருப்பதும், மாட்டிறைச்சி சாப்பிடுபவர் அதைக் குறைப்பதும் உணவில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயங்கள். மூன்று குறும்பயணத்தை ஒரே நீண்ட பயணமாக்கினால் விமானக் கணக்கு அப்படியே இறங்கும். பொருளைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது, பழுது பார்க்கக்கூடியதாகப் பார்த்து வாங்குவது. இவை போதும், பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இவற்றைவிட அதிகம் நகர்த்துவது, உள்ளூரில் தண்ணீர்க் கட்டணம், பார்க்கிங் கட்டணம், பஸ் தடம், அலுவலகப் பயண விதி இவற்றை முடிவு செய்யும் கூட்டங்களில் போய் உட்காருவது. சலிப்பான வேலைதான், பாதிக் கூட்டம் டீயிலேயே முடிந்துவிடும். ஆனால் ரசீதின் வடிவம் அங்கேதான் தீர்மானமாகிறது.

சான்றிதழ் முத்திரையைப் பார்த்து வாங்கலாமா என்றால், சான்று கொடுப்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்று முதலில் பாருங்கள். நேரில் வந்து சோதிக்கிறார்களா, சான்றை ரத்து செய்த பட்டியலை வெளியிடுகிறார்களா என்று அடுத்துப் பாருங்கள். யாருக்குமே ரத்து ஆகாத சான்றிதழை நான் கணக்கில் எடுப்பதில்லை.